வாய்க்காலை அடைத்த கோடை

சைதாப்பேட்டை
14-11-1943

தம்பி ஷாஹுல் ஹமீதுக்கு அக்கா ஜமீலுன்னிசாவின் ஸலாம். ஆண்டவன் கிருபையில் இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். ராஜமந்திரி ஓட்டல் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகிறது. அடையாற்றுத் தண்ணீர் தெருமுனை வரை வந்து திரும்பியது. வீட்டுக்கு ஆபத்தில்லை. மீன் குட்டையின் கிழக்குக் கரைதான் உடைந்தது. நீ பார்சல் வண்டியில் அனுப்பிய கோதாவரிக் கெண்டைக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் ஆற்றோடு போய்விட்டன. உன் மச்சான் கரையில் கொஞ்ச நேரம் நின்றார். "போன இடத்துல பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் பஸ் ஓட்டிய நாளில் குடித்த புகை இன்னும் அவர் நெஞ்சை விடவில்லை. மண் வெட்டினால் இருமல் வருகிறது, வெட்டாவிட்டால் கவலை வருகிறது. இருமலே தேவலை என்கிறார். மீன் வளர்க்க இந்தச் செங்கல் சூளைப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது ஊரே சிரித்தது. இப்போது சர்க்காரே குட்டைகளில் மீன் வளர்க்கச் சொல்கிறது. சிரித்தவர்கள் வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தங்கச்சி ஷகீலா நன்றாக இருக்கிறாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் மாப்பிள்ளை அன்வர் பாஷாவோடு ஒரு பகல் வந்து போனாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நீ முன்நின்று முடித்த நிக்காஹ், குறை சொல்ல ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ராஜமந்திரி
2-12-1943

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் ஸலாம். மச்சானுக்கும் சொல்லவும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. ராணுவச் சரக்கு இரவும் பகலும் வந்து விழுகிறது. பார்சல் ஆபீசில் மூட்டைமேல் தலை வைத்தால் மூட்டையை எடுக்க ஆள் வந்துவிடுகிறான்.

குஞ்சுகள் போனதற்கு மச்சான் மனம் தளரவேண்டாம். அடுத்த வெள்ளப் பருவத்தில் மறுபடி அனுப்புகிறேன். பானையின் வாயில் ஈரச்சாக்கு கட்டி, வழியில் பெஜவாடா ஸ்டேஷனில் தண்ணீர் மாற்ற ஒரு போர்ட்டரைப் பழக்கி வைத்திருக்கிறேன். மிஞ்சிய மீன்களுக்கு இடம் தாராளமாக இருக்கும், அவை சீக்கிரம் பெரிதாகும். சாணியை அளவோடு போடச் சொல்லவும். தண்ணீர் பச்சைப் பயறு நிறத்தில் இருக்கவேண்டும், அதற்குமேல் போகக்கூடாது என்று இங்கே மீன் பிடிப்பவர்கள் சொல்கிறார்கள்.

ஷகீலா நல்ல இடத்தில் இருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. வாப்பா இல்லாத குறை தெரியாமல் செய்து முடித்தோம். அவள் மாமனார் பீர் முஹம்மது சாகிபுக்கு என் ஸலாமைச் சொல்லவும்.

பனிக்காலம், மச்சான் விடியலில் குட்டைக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள்ளட்டும்.
ஷாஹுல் ஹமீது

சைதாப்பேட்டை
20-2-1944

தம்பிக்கு ஸலாம். இங்கே சுகம் என்றே எழுதுகிறேன். உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் கோபிக்காதே.

தை மாதம் முதல் தடவை வலை போட்டோம். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து தேவானை என்று ஒருத்தி வருகிறாள், வலை இழுக்கவும் கூடை சுமக்கவும் அவள்தான். தேனாம்பேட்டை மார்க்கெட்டுக்குப் போன கூடை காலியாகத் திரும்பி வந்தது. சேற்று வாடையே இல்லை, குட்டை மீன் மாதிரி இல்லை என்று கேட்டு வாங்கினார்களாம். அன்று உன் மச்சான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

அது போன மாதம். இப்போது விடிகிற நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து தண்ணீருக்கு வெளியே வாயை வைத்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. உன் மச்சான் மூங்கிலால் தண்ணீரை அடித்து அடித்துக் கலக்குகிறார். வெயில் ஏறினால் கொஞ்சம் அடங்குகிறது. வெள்ளிக்கிழமை காலையில் பெரிய மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. எடுத்துப் புதைத்தோம். விற்கலாம் என்று யாரோ சொன்னதற்கு அவர் குழியை இன்னும் ஆழமாக வெட்டினார்.

வாய்க்கால் வழியாகக் குட்டைக்கு வரும் ஓடைத் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது. அதுதான் காரணமாக இருக்கவேண்டும். வேறு விசேஷமில்லை.

உன் அக்கா

ராஜமந்திரி
3-3-1944

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நான் சுகம். மச்சானின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுத்துப் பார்க்கவும்.

உங்கள் கடிதத்தை இங்கே வலைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். சாணி அதிகமானாலும் மீன் அப்படி மேலே வரும், மேலிருந்து அழுக்குத் தண்ணீர் வந்தாலும் வரும் என்றார். உடனே வாய்க்காலை அடையுங்கள். நிறம் மாறியிருக்கிறது என்றால் என்ன நிறம்? ஓடைக்கு மேற்கே யார் என்ன செய்கிறார்கள்? முன்பு அங்கே வெற்றுப் பொட்டலும் பனைமரமும்தானே?

ஷகீலா எனக்கு எழுதி மூன்று மாதம் ஆகிறது. வீட்டு வேலை அதிகமோ?

ஷாஹுல் ஹமீது

சைதாப்பேட்டை
28-3-1944

தம்பிக்கு ஸலாம். கஷாயம் கொடுத்தேன். இருமல் அப்படியேதான், ஆனால் கசப்பைப் பற்றிப் பேச ஒரு விஷயம் கிடைத்தது அவருக்கு.

நீ சொன்னபடி வாய்க்காலை அடைத்துவிட்டோம். மீன் சாவது நின்றது. ஆனால் புதுத் தண்ணீர் வராததால் குட்டை நாளுக்கு நாள் வற்றுகிறது. கோடை முடிய இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. தண்ணீர் குறையக் குறையச் சூடேறும். திறந்தால் ஒரு சாவு, அடைத்தால் ஒரு சாவு. தென்னங்கீற்று முடைந்து நிழலுக்குப் பந்தல் போடுகிறார். ஏணியில் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறது. நான் கீழே நின்று கீற்றை எடுத்துக் கொடுக்கிறேன்.

ஓடைத் தண்ணீர் ஆற்றில் சேருகிற இடத்தில்தான் தேவானை வீட்டு ஜனங்கள் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள். "ஊத்துத் தண்ணி நாறிக்கினு கீதுக்கா, வடிகட்டினாலும் போவல" என்றாள்.

ஷகீலா வீட்டில் வேலை அதிகம்தான். ராணுவத்துக்குப் பூட்ஸ் தோல் வேண்டுமாம். அவள் மாமனாரின் தோல் பதனிடும் கிடங்கில் புதிதாகக் கொட்டகை போட்டு, ஆட்களையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ச்சி என்று ஊரில் பேச்சு.

மாம்பூ உதிர்ந்த வாசனை இங்கே வருகிறது. அங்கேயும் மாமரங்கள் நிறைய என்பாயே.

உன் அக்கா

ராஜமந்திரி
6-4-1944

அக்காவுக்கு ஸலாம். சுகம்.

நேராகக் கேட்கிறேன். ஓடைக்கு மேற்கே யார் என்று கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கிடங்குக் கொட்டகையை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறார்கள்?

ஷாஹுல் ஹமீது

சைதாப்பேட்டை
19-4-1944

தம்பிக்கு ஸலாம். நீ கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

ஓடைப் பக்கம்தான். தோலிலிருந்து மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளும் தோலைப் பதமாக்க ஆவாரம் பட்டை ஊறும் தொட்டிகளும் அங்கேதான் கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்த தண்ணீரை ஓடையில் திறந்து விடுகிறார்கள். டீ டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக வருகிறது. சில நாள் சுண்ணாம்பு வெளுப்பாக, மயிரும் சவ்வும் மிதந்து வருகிறது.

மாசி மாதமே எங்களுக்குத் தெரியும். உன் மச்சான் பீர் முஹம்மது சாகிபைப் போய்ப் பார்த்தார். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தாராம். "சண்டை நடக்குது பாய். சிப்பாய் வெறுங்காலோட நடப்பானா? ஓடைன்னா தண்ணி போகத்தான். உங்களுக்கு வேற பள்ளம் பார்த்துத் தரேன்" என்று சொன்னாராம். உள்ளே ஷகீலா டம்ளர் கழுவும் சத்தம் கேட்டதாம். அதைக் கேட்டதும் இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சுகாதார ஆபீசில் மனுக் கொடுக்கவேண்டும் என்கிறார். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். மனுப் போனால் ஷகீலா கதி என்ன? அக்காள் புருஷன் காட்டிக் கொடுத்தான் என்று அந்த வீட்டில் அவளை வாழ விடுவார்களா? இவர் என்னிடம் கோபிக்கவில்லை. கோபித்தால் தேவலை. விடியலில் எழுந்து குட்டைக் கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

சம்பந்தம் பேசியது நீ. நீ ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி செய்கிறோம். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா

ராஜமந்திரி
5-6-1944

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். மச்சானுக்கும் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இங்கே இந்த வருஷம் மாம்பழம் நிறைய. ஒரு கூடை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வைக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறது, நசுங்காமல் வரும். வெயில் கடுமை. ஆபீசில் இரண்டு பேர் லீவில் போய்விட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். கோதாவரியில் தண்ணீர் வந்ததும் குஞ்சுக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஷகீலாவுக்குத் தனியாக ஒரு கூடை அவள் மாமனார் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஷாஹுல் ஹமீது

சைதாப்பேட்டை
27-6-1944

தம்பிக்கு ஸலாம். மாம்பழம் வந்தது. நசுங்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உறையையும் பிரித்துப் பார்த்தேன், வேறு தாள் இருக்குமோ என்று. இல்லை. அதையே உன் பதில் என்று எடுத்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

போன வாரம் தேவானை வலை இழுக்க வரவில்லை. வலை போடவும் குட்டையில் பெரிதாக ஒன்றுமில்லை. நானே அவள் குடிசைக்குப் போனேன். அவள் கைக்குழந்தைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. ரத்தமும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து திரும்ப அழைத்து வந்திருக்கிறாள். குழந்தை பிழைத்துவிட்டது, ஆனால் கழுத்து நிற்கவில்லை, காய்ந்த கீரைத்தண்டு மாதிரி தோளில் கிடக்கிறது. பக்கத்துக் குடிசைகளிலும் பிள்ளைகளுக்குக் காலெல்லாம் சொறி.

நான் ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சத்தம் போடாமல்தான் கேட்டாள்: "உங்க மீனு செத்த தண்ணிதானே அக்கா இது? நீ வாய்க்காலை அடைச்சிக்கினே. நாங்க எத்த அடைக்கிறது?"

வீட்டுக்கு வந்து உன் மச்சானிடம், கிளம்புங்கள் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். மனுவில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது அவருடையது. அதன் கீழே ஆற்றங்கரை ஜனங்களின் கைநாட்டு. சுகாதார இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம் என்பவர் வாங்கிப் படித்துவிட்டு, "இது உங்க சொந்தக்காரங்க கிடங்காச்சே அம்மா" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று ஷகீலாவைப் பெட்டியோடு ஜட்காவில் அனுப்பிவிட்டார்கள். விஷயம் தீரும்வரை அக்காள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார் அவள் மாமனார். மாப்பிள்ளை கூட வரவில்லை. அவள் அழவில்லை. வந்ததும் என் கையிலிருந்த முறத்தை வாங்கித் தவிட்டைப் புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

உன் அக்கா

ராஜமந்திரி
9-7-1944

அக்காவுக்கு ஸலாம்.

செய்துவிட்டுச் சொல்கிறீர்கள். நான் என்ன எழுதட்டும். ஒரு குட்டைக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தெருவில் வைத்துவிட்டீர்கள். போன கடிதத்தில் அதைப் பற்றி நான் எழுதாமல் இருந்தது எதற்காக என்று உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். நான்கு நாள் பொறுத்தால் சண்டை முடியும், ஆர்டர் நிற்கும், தண்ணீர் தானே தெளியும். அதுவரை பொறுக்க முடியவில்லையா?

எனக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

மச்சான் உடம்பு எப்படி இருக்கிறது?

ஷாஹுல் ஹமீது

சைதாப்பேட்டை
1-10-1944

அன்புள்ள அண்ணனுக்கு ஷகீலாவின் ஸலாம். பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய துணி வந்தது. அக்கா உங்களுக்கு எழுதுவதில்லை என்று இருக்கிறாள். கோபம் இல்லை, களைத்துவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். மச்சானுக்கு ஆவணியில் காய்ச்சல் கண்டு இறங்கிவிட்டது. இப்போது கரை வரைக்கும் நடக்கிறார்.

அண்ணா, உங்கள் கடிதங்களையெல்லாம் அக்கா என்னிடம் கொடுத்தாள். தான் எழுதியதையும் சொன்னாள். நீங்கள் இருவரும் இத்தனை மாதமாக என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யாரும் எழுதவில்லை. மச்சான் வந்து பேசியபோது நான் அடுப்படியில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டது. அந்த நாற்றத்தில் குடியிருந்தவள் நான். எங்கள் கிடங்குக் கிணறு கெட்டு ரொம்ப நாளாயிற்று. எங்கள் வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் தினமும் வண்டியில் வரும். மாம்பலத்திலிருந்து பீப்பாயில் கொண்டு வருவார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். ஓடையில் நேராக விடக்கூடாது, பள்ளம் வெட்டித் தேக்கி, சுண்ணாம்பும் சவ்வும் அடியில் தங்கின பிறகுதான் விடவேண்டும் என்று உத்தரவு வந்தது. நோன்பு தொடங்குவதற்கு முன் அவர் வந்தார், உங்கள் மாப்பிள்ளை. வாசலிலேயே நின்றுகொண்டு, "பள்ளம் வெட்டியாச்சு. ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. வா, போகலாம்" என்றார்.

எனக்கும் போகவேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய. ஆனால் ஆற்றங்கரைப் பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் வாயில் வேறு வார்த்தை வந்தது. "பள்ளத்துலேர்ந்து வெளியே வர்ற தண்ணி ஒரு குடம் கொண்டாங்க" என்றேன்.

அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மச்சான் குட்டையில் மிஞ்சிய சின்ன மீன்களில் கொஞ்சம் பிடித்து ஒரு பானையில் விட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றினார். பக்கத்தில் இன்னொரு பானையில் குட்டைத் தண்ணீரில் கொஞ்சம் மீன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா டீ போட்டாள், யாரும் குடிக்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னாலேயே அவர் கொண்டு வந்த தண்ணீரில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடுத்த பானை மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தினமும் கிடங்கில் நிற்கிறவர், ஆனால் மீன் சாவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. "ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்களே" என்று மறுபடி சொன்னார். மச்சான், "ஆபீஸு நல்லதுதான் தம்பி. மீனு ஒத்துக்கலையே" என்றார். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். "இன்னொரு பள்ளம் வெட்டுங்க" என்று நான் சொன்னேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நோன்பு முழுக்க வரவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. அன்று அக்கா சேமியா செய்தாள். செய்தது தப்போ என்று அன்று முழுக்க நினைத்தேன். அக்காவிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரியலைடி" என்று சொல்லிப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

பெருநாள் முடிந்த மறுவாரம் வந்தார். கையெல்லாம் கொப்புளம், சுண்ணாம்பு வெந்த புண். மாமனார் ஆள் கொடுக்கமாட்டேன் என்றதால் தாமாக வந்த கிடங்கு ஆட்கள் இரண்டு பேரோடு இவரே இறங்கி வெட்டியிருக்கிறார். இரண்டாவது பள்ளம், அதன்பின் மணல் பரப்பி மூன்றாவது. ஆவாரந்தண்ணீரை ஓடையில் விடாமல் மேட்டுப் பொட்டலில் பாய்ச்சுகிறார்களாம். நான் கேட்காமலே குடத்தை இறக்கி வைத்தார்.

மீன் விட்டோம். சாயங்காலம் அசர் ஆயிற்று, பொழுது சாய்ந்து மக்ரிப் ஆயிற்று. அவர் மச்சானோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இங்கேயே தங்கினார். காலையில் பானையைப் பார்த்தோம். ஒன்று செத்திருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒன்று பானை மாற்றும்போது அடிபட்டதாக இருக்கலாம் என்றார் மச்சான். இல்லாமலும் இருக்கலாம்.

"இப்ப வர்றியா?" என்று கேட்டார்.

"வர்றேன். ஆனா வீட்டுக்கு வண்டித் தண்ணி வேணாம். தேவானை வீட்டுல குடிக்கிற ஊத்துத் தண்ணியே நமக்கும் வரட்டும். காய்ச்சிக் குடிச்சுக்கலாம். உங்க வாப்பாவுக்கும் அதுதான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாப்பாவிடம் இதைப் போய்ச் சொல்லவேண்டியதை நினைத்திருப்பார். இங்கே வந்ததிலிருந்து அக்காவிடமும் மச்சானிடமும் நான் பார்த்த, இரண்டு பக்கமும் இழுபடுகிற முகம் அவருக்கும் வந்திருந்தது. பிறகு மீன்களைக் குட்டையில் விட்டுவிட்டு, காலிக் குடத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை ஊற்றுப் பக்கம் நடந்தார். நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

ஜட்கா வருவதற்குள் இதை முடிக்கிறேன். இனி எனக்கு எழுதுவதானால் கிடங்கு வீட்டு விலாசத்துக்கு, என் பெயருக்கே எழுதுங்கள் அண்ணா.

ஷகீலா